கை – இரண்டு

"கை வேணாம்னா வேணாம். அந்த வரியை அடிச்சுட்டு நான்—"

"அடிங்க அண்ணி, எல்லாத்தையும் அடிங்க. பல்லு கட்டுற ஆளோட கையைக் காட்டாம வேற எதைக் காட்டப்—"

"நான் சொல்லி முடிக்கல."

"நீங்க முடிச்சாத்தானே நான் ஆரம்பிக்கிறது. காலையிலேர்ந்து நீங்களே—"

"பேனாவைக் கொடு."

"மாட்டேன்."

பேனா நாத்தனாரின் கொண்டையில் செருகியிருந்தது. கணக்கு எழுதுகிறவள், எழுதாத நேரத்தில் பேனாவுக்கு அதுதான் வீடு. அண்ணி எட்டிப் பிடுங்கப் போனாள், நாத்தனார் தலையைச் சாய்த்துக்கொண்டாள், இந்தக் கூத்தில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது. அதை இறக்கித் துடைக்கிற சாக்கில் சண்டை கொஞ்சம் மூச்சு வாங்கியது.

அந்த இடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நாத்தனார் கூப்பிடுவதைக் கேட்டு, அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மாவுக்காரரும் அப்படியே கூப்பிட்டு, இப்போது தபால்காரருக்கும் அவள் அண்ணி. அவள் புருஷனுக்குப் பல்லண்ணன் என்று பேர். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். மாடியில் இருக்கும் இந்த மூன்று அறை லேபில் அந்த அச்சுக்குள் கல்லாக இறுகும் மாவு ஊற்றி வார்த்து, வார்ப்பின் மேல் புதுப் பல் கட்டித் திருப்பி அனுப்புவார்கள். மாவு கரைப்பது மாவுக்காரர். பீங்கான் பூசிப் பல்லுக்கு உயிர் கொடுப்பது பல்லண்ணன். மெருகு போட்டுப் பொட்டலம் கட்டுவது அண்ணி. ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்து, வரவு செலவு எழுதுவது அவருடைய தங்கை. சமையலறைதான் ஆபீஸ். சாப்பாட்டு மேசையில் எவ்வளவு துடைத்தாலும் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். தட்டை எடுத்தால் வட்டம் தெரியும்.

இருபத்திரண்டு வருஷமாக வேலை கொடுத்துவந்த இரண்டு பெரிய டாக்டர்களில் ஒருவர் மகளோடு இருக்கப் போய்விட்டார். இன்னொருவர் வாரத்தில் மூன்று நாள்தான் உட்காருகிறார். இந்த நேரம் பார்த்து, பதினான்கு கிளை வைத்திருக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரி தன் வேலை முழுவதையும் ஒரே லேபுக்குக் கொடுக்கப்போவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. லேப் எப்படி இருக்கிறது, வேலை எப்படி நடக்கிறது என்று மூன்று நிமிஷ வீடியோ வேண்டும். போனில் எடுத்தது கூடாது, தொழில் தெரிந்தவர் எடுத்ததாக இருக்க வேண்டும். கிடைத்தால் நாலு பேருக்கும் நிமிர்ந்து உட்கார நேரம் வரும். கிடைக்காவிட்டால், போன வருஷம் கடனுக்கு வாங்கிய மின்சார உலையை வந்த வழியே படியிறக்க வேண்டியதுதான்.

நாத்தனார் விசாரித்துப் பிடித்த வீடியோக்காரர் ஒன்றரைப் பக்கத்துக்குச் செலவுத் தாள் அனுப்பியிருந்தார். மொத்தம் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். இவர்கள் ஒதுக்கியிருந்தது அறுபதாயிரம். ஆகவே மூன்று நாளாக பங்காளிகள் பாகப்பிரிவினை செய்கிற மாதிரி அண்ணியும் நாத்தனாரும் தாளை நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்கூட்டி வந்து இடம் பார்ப்பதற்கு ஆறாயிரம். இடம் எங்கேயும் ஓடிப்போகாது, எடுக்கிற அன்றைக்கே பார்த்துக்கொள்ளட்டும் என்று அடித்தார்கள். இரண்டாவது கேமராவுக்குப் பதினெட்டாயிரம். இருக்கிற நாலு பேருக்கு ஒரு கேமரா போதும். எதிர்பாராத செலவு என்று பத்தாயிரம் போட்டிருந்தார். எதிர்பாராததுக்கு இப்போதே பணம் எடுத்துவைத்துவிட்டால் அப்புறம் அது எப்படி எதிர்பாராதது என்று நாத்தனார் கேட்டாள், அண்ணி சிரித்தாள். சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மைக்கும் பேசுகிற குரலும் சேர்த்துப் பதிமூன்றாயிரம். அண்ணி அதை ஒரே இழுப்பில் அடித்தாள். பாட்டு மட்டும் போதும், சத்தம் எதுவும் வேண்டாம் என்றாள். சரி என்றுவிட்டாள் நாத்தனார்.

அடுத்த வரி: கை – 2. பதினோராயிரம்.

அதைப் படித்ததும் அண்ணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் எடுக்கப் போகிறானா? தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு?

புருஷனின் கையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பகலில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். குழாய் சொட்டுகிறது என்று எழுந்துபோய்ப் பார்த்தாள், சொட்டவில்லை. திரும்பி வந்தால் மறுபடி. பீங்கான் மாவைத் தொட்டு எடுக்கிற தூரிகையின் காம்பு, கண்ணாடித் தட்டின் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. தூரிகையைப் பிடித்திருந்தது வலதுகை. அவர் அதை இடதுகையால் அழுத்திப் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தார்.

அன்றைக்குப் பிறகு அவளுக்கு எல்லாம் தெரியத் தொடங்கியது. பட்டன் வைத்த சட்டையை அவர் விட்டுவிட்டார். தலைவழியாகப் போடுகிற சட்டைதான் காற்றோட்டமாம். தேநீரை அரை டம்ளருக்கு மேல் வாங்குவதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் "நீயே போட்டுடு, எனக்குக் கையெல்லாம் மாவு" என்பார். போன மாதம் நாலு பல் சரியாக உட்காரவில்லை என்று திரும்பி வந்தது. திரும்பி வருகிற டப்பாவை முதலில் பிரிப்பது அண்ணி. டாக்டர் எழுதி வைத்த சீட்டுகளை எடுத்துப் பழைய வார்ப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டு, டாக்டர் அச்சைச் சரியாக எடுக்கவில்லை என்று நாத்தனாரிடம் சொன்னாள். பல்லை அவரிடம் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

என்ன வியாதி என்று அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. பேர் வைத்துவிட்டால் அது வீட்டில் ஓர் ஆளாக உட்கார்ந்துவிடும் என்று பயம். ராத்திரியும் பகலும் அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: பார்க்கப்போவது பல் டாக்டர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், உலையைப் பார்க்கமாட்டார்கள். கையைத்தான் பார்ப்பார்கள். சுவரளவு திரையில் ஒரு தரம் பார்த்தால் போதும்.

"பதினோராயிரம் அதிகம்," என்று மட்டும் சொன்னாள்.

"அந்தப் பதினோராயிரத்தை நான் போடறேன்."

பாலைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

"என் சேமிப்புலேர்ந்து போடறேன். உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல. அண்ணன் தூரிகையைப் பிடிக்கிற அழகுக்கே அந்த ஆஸ்பத்திரிக்காரன் கையெழுத்துப் போட்டுடுவான். இப்ப என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வது? பணம் என்கிற ஒரு வேலியைத்தான் அவள் கட்டி வைத்திருந்தாள். அதையும் இவள் பிடுங்கிப் போட்டுவிட்டாள். பாசத்தோடு பிடுங்கியதுதான் தாங்கமுடியவில்லை. இனி பொல்லாதவளாக ஆவதைத் தவிர வழியில்லை என்று தோன்றியதும், அண்ணி பொல்லாதவளானாள். உன் காசு என்று தனியாக ஏது, இந்த வீட்டுச் சோறு தின்று சேர்த்ததுதானே என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் திரும்ப எடுக்கவில்லை.

நாத்தனார் கொண்டையிலிருந்து பேனாவை உருவி மேசையில் வைத்தாள். "அடிச்சுக்கங்க. நாளைக்கு வேலை போச்சுன்னா, பதினோராயிரத்துக்குப் போச்சுன்னு நானே எழுதி வைக்கிறேன்." ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அண்ணி அந்த வரியின் மேல் நாலு தடவை கோடு போட்டாள். தாள் கிழிந்தது.

வீடியோக்காரரிடம் அவளே போனில் பேசினாள். மெல்லிய குரல், அவசரப்படாத ஆள். இன்னின்னதெல்லாம் குறைத்துவிட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றார். கையும் வேண்டாம் என்றபோதுதான் தயங்கினார்.

"ரெண்டும் வேணாமா? ஒண்ணாவது வச்சுக்குங்களேன்."

ஒன்றென்றால் எந்தக் கையை எடுப்பான் என்று கேட்கவா முடியும்?

"ஒண்ணுகூட வேணாம்."

"கையில்லாமயும் எடுக்கலாம்மா, நான் எடுத்திருக்கேன். என்ன, கொஞ்சம் இருட்டடிக்கும்."

"இருட்டா வந்தாப் பரவால்ல," என்றாள் அண்ணி. போனை வைத்த பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்பாடா என்று இருந்தது. முடிந்த பல்லைத் தட்டில் அடுக்கிவைத்தால் எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். மாவறை, உலை, வாசல் பலகை என்று மூன்று நிமிஷத்தை ஓட்டிவிடலாம். மேசையில் அவர் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலிருந்து முதுகுப்பக்கமாக எடுக்கச் சொல்லவேண்டும். இதெல்லாம் அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் வைத்துக்கொண்டாள்.

பல்லண்ணன் இந்த ஏற்பாடு எதிலும் வாய் கொடுக்கவில்லை. எடுக்கணும்னா எடுங்க என்றதோடு சரி. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று ஒரு காரணம் சொல்லவேண்டுமே. மாவுக்கை என்று எப்போதும் கரண்டியால் தின்கிறவர், அந்த வாரம் சோற்றைப் பிசைந்து உருட்டித் தின்பதை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

எடுக்கிற அன்றைக்கு நாலாவது நாளாக மழை. காலை பத்து மணிக்கு வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. ஈரத்தில் மாவு இறுகவில்லை என்று மாவுக்காரர் இருமிக்கொண்டே வார்ப்புகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இன்றைக்குச் சினிமாவில் வரப்போகிறோம் என்று அவர் சவரம் செய்து, மீசைக்கு மை தடவி வந்திருந்தார். முகவாயில் அதற்குள் மாவு. அண்ணி துடைத்துவிடப் போனால், இருக்கட்டும் அண்ணி, நரை மாதிரி இல்லாம மாவு மாதிரி இருந்தாச் சரி என்றார்.

வீடியோக்காரர் கனத்த ஆள். மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு திரும்பும்வரை ஒரு கையால் கும்பிட்டார். தோளில் ஒரு பை, கையில் தட்டு மாதிரி ஒரு சின்ன லைட். அவ்வளவுதான். முன்னறையைச் சுற்றிப் பார்த்தார்; மாவறையைப் பார்த்தார்; உலை இருந்த மூலையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

"இவ்வளவு இருட்டுன்னு தெரியாதே. முன்னாடியே வந்து பாத்திருந்தா... அதைத்தான் குறைச்சுட்டீங்க. பெரிய லைட்டெல்லாம் வண்டியில சும்மா கிடக்குது. தூக்கிட்டு வந்து பிடிச்சு நிக்கப் பழகின ஆள் வேணுமே."

உங்களுடன் ஆள் வருவார்கள் என்றல்லவா நினைத்தோம் என்று நாத்தனார் கேட்டாள்.

"எங்கேம்மா? கை ரெண்டும் வேணாம்னு அண்ணிதானே அடிச்சுட்டாங்க."

மாவுக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"கைன்னா?" என்றாள் நாத்தனார்.

"கை ஆளும்மா. லைட் புடிக்க ஒருத்தர், சாமான் தூக்க ஒருத்தர். எங்க தொழில்ல கைன்னுதான் எழுதுவோம். ஏன், நீங்க வேற என்னன்னு நினைச்சீங்க?"

"கையின்னா கைதான்னு," நாத்தனார் சிரிக்கத் தொடங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணனோட கையைத் தனியா எடுக்கறதுக்குப் பதினோராயிரம்னு நினைச்சுட்டோம். கை வேணாம், கை வேணாம்னு அண்ணி தாளையே கிழிச்சுட்டாங்க."

வீடியோக்காரரும் உடம்பு குலுங்கச் சிரித்தார். ஒண்ணாவது வச்சுக்குங்கன்னு நான் கெஞ்சினேனே என்றார். மாவுக்காரர் இருமலோடு சேர்த்துச் சிரித்தார். பல்லண்ணன் தன் மேசையில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அண்ணியை ஒரு தரம் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த பஞ்சை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தூரிகையைத் துடைத்தார்.

அண்ணியும் சிரித்து வைத்தாள். கன்னம் வலித்தது.

சிரிப்பு அடங்கியதும் வீடியோக்காரர் எழுந்தார். இந்த வீட்டில் வெளிச்சம் இருக்கிற ஒரே இடம் அண்ணன் மேசைதான் என்றார். மேலே வேலைக்கான விளக்கு இருக்கிறது, அதோடு இந்தச் சின்ன லைட்டும் சேர்ந்தால் போதும். எல்லாவற்றையும் அங்கேயே, பக்கத்திலிருந்தே எடுத்துவிடலாம். தூரத்திலிருந்து எடுத்தால்தானே இருட்டு. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு பல். அண்ணன் கையிலேயே மூன்று நிமிஷம். அதுதான் அழகும்கூட.

அண்ணி துண்டுச் சீட்டை எடுத்தாள். மாவறையை முதலில் எடுக்கலாமே என்றாள். ஈரத்தில் லென்ஸ் மூடிக்கொள்ளும் என்றார். உலை என்றாள். உலை மூடிய பெட்டி, அதில் என்ன தெரியும் என்றார். மழை விட்ட பிறகு, நாளைக்கு வரமுடியுமா என்று கேட்டாள். நாளைக்கென்றால் இன்னொரு நாள் வாடகை என்று அவர் மெதுவாகச் சொன்னார். நாளை மறுநாள் வீடியோவை அனுப்பவேண்டிய கடைசி நாள் என்று நாத்தனார் சொன்னாள். அவர்கள் சொன்னதிலெல்லாம் நியாயம் இருந்தது. அவள் ஒவ்வொரு செலவாக அடித்து அடித்து, கேமராவைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டுவந்து அந்த மேசைக்கு ஒரு முழத்தில் நிறுத்தியிருந்தாள்.

புத்தகம் அளவு ஒரு திரையைக் கேமராவோடு சேர்த்து, நீங்கள் பார்க்கலாம் என்று நாத்தனாரிடம் கொடுத்தார். திரையில் ஒரு முன்பல் முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்கு நின்றது. தூரிகையின் மயிர் துடைப்பம் மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிதாக்கினால் மலைகூட ஆடும் என்று அண்ணிக்குத் தோன்றியது.

"லைட்டை நான் புடிக்கிறேன்," என்றாள்.

நான் பிடிக்கிறேன், என் கை திடமாக இருக்கும் என்று மாவுக்காரர் முன்னால் வந்தார். வார்ப்பு இறுகியதா என்று போய்ப் பாருங்கள் என்று அவரை விரட்டினாள். லைட் தட்டை வாங்கிக்கொண்டு புருஷனின் வலப்பக்கம் போய் நின்றாள். அவர் கன்னத்திலிருந்து சவரச் சோப்பு வாசனை வந்தது. காதோரம் ஒரு வெட்டு, அதில் துளிப் பஞ்சு.

"ஆரம்பிக்கலாம்ணே. என்னை மறந்துடுங்க."

பல்லண்ணன் முழங்கையை மேசைமேல் ஊன்றி, மணிக்கட்டைப் பலகை விளிம்பில் வைத்து, மூச்சைப் பிடித்துத் தூரிகையை நீரில் தொட்டார். மாவைத் தொட்டார். வார்ப்பின்மேல் முதல் துளியை வைத்தார். வைத்துவிட்டார். இரண்டாவது. அண்ணி அவருடன் சேர்ந்து மூச்சை அடக்கியிருந்தாள். மூன்றாவது துளிக்குக் கை தட்டுக்குப் போனபோது அது தொடங்கியது. முதலில் சுண்டுவிரல். அப்புறம் தூரிகையின் முனை, காற்றில் அகப்பட்ட புல்போல.

அவள் லைட்டை ஆட்டினாள்.

வேண்டுமென்றே முதலில் ஆட்டினாள். பிறகு எது வேண்டுமென்று, எது தானாக என்று அவளுக்கே தெரியவில்லை. மேசையில் இருந்த நிழல்கள் எல்லாம் துள்ளின. தூரிகையின் நிழல், விரலின் நிழல், பல்லின் நிழல்.

"அண்ணி, லைட் ஆடுது," என்றார் வீடியோக்காரர்.

"பழக்கமில்ல. கை வலிக்குது."

"இன்னொரு தடவை போவோம்."

இன்னொரு தடவை போனார்கள். அவள் ஆட்டினாள். மூன்றாவது தடவையும் ஆட்டினாள். நாத்தனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், படம் பூராவும் நடுங்குது அண்ணி, கொடுங்க நான் பிடிக்கிறேன் என்றாள். அண்ணி கொடுக்கவில்லை. உங்களுக்கு என்னதான் அண்ணி வந்துச்சு, அன்னைக்குப் பணம்னீங்க, இன்னைக்கு வீம்பு என்று நாத்தனார் குரலை உயர்த்தினாள். வீடியோக்காரர் நடுவில் புகுந்தார். யாரும் பிடிக்க வேண்டாம், வண்டியில் ஒரு சின்ன ஸ்டாண்ட் இருக்கிறது, இந்த லைட்டை மட்டும் தாங்கும், அதில் மாட்டிவிட்டால் இடி விழுந்தாலும் லைட் அசையாது என்றார். அப்புறம் ஒரே தடவையில் முடித்துவிடலாம். மழையில் குடை பிடிக்க நாத்தனாரைக் கூட அழைத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் இறங்க இறங்க, மரப்படி ஒவ்வொன்றாக முனகியது.

பின்னறையில் மாவுக்காரர் கிண்ணத்தைச் சுரண்டுகிற சத்தம் வந்தது. லைட் இன்னும் அண்ணியின் கையில் எரிந்துகொண்டிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஸ்டாண்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? வண்டிக் கதவைத் திறக்க, மூட, படி ஏற. கனத்த ஆள், மெதுவாகத்தான் ஏறுவார்.

பல்லண்ணன் தூரிகையை நீரில் போட்டார். வலதுகையை மேசைமேல் விரித்து, அதன்மேல் இடதுகையை வைத்து மூடினார். மூடிய கைக்குள் அது ஆடிக்கொண்டிருந்தது, பிடித்துவைத்த குருவிபோல. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. கீழே வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"உன்னைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.